மூழ்கும் விலை: கிரிப்டோ கடன் திரையும் அடகுச் சீட்டும்

கிரிப்டோ கடன் தளங்களின் திரை தெளிவாக இல்லை, அதைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச காலமாகவே வடிவமைப்பாளர்கள் மத்தியில் நடந்துவருகிறது. இதில் சிறுபத்திரிகைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு பிரதியை யார் எழுதுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், வாசிக்க முடியாதபடி அது எப்படி எழுதப்படுகிறது என்றெல்லாம் வருஷக்கணக்கில் பேசிவந்தவர்கள் நாம். கடன் பத்திரமும் பிரதிதான். சொல்லப்போனால் பல ஏழைக் குடும்பங்களில் அவர்கள் பெயர் போட்டு எழுதப்பட்ட பிரதி என்று ரேஷன் அட்டைக்கு அடுத்தபடியாக இருப்பது அதுதான். கதையையும் கவிதையையும் கட்டுடைத்த கைகள் இதை மட்டும் ஏன் தொடாமல் விட்டன என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சென்னையில் திரை வடிவமைக்கும் நண்பர் ஒருவர், ஒரு கடன் தளத்தின் பக்கங்களைத் தமிழ்ப்படுத்தித் தரச் சொன்னார். அவற்றை அச்செடுத்து விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எனக்குத் தெரிந்த சிலரிடம் வாசித்துக் காட்டினேன். மகளிர் குழுவில் கணக்கெழுதும் ஒரு அக்கா, வட்டிக்கடையில் வெகுகாலம் சீட்டெழுதிய ஒரு பெரியவர், கல்லூரிப் பையன்கள் சிலர். இதை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். டீக்கடையிலும் திண்ணையிலும் நடந்த பேச்சு, அவ்வளவுதான். ஆனால் வடிவமைப்பு பற்றிய புத்தகங்களில் கிடைக்காத சில விஷயங்கள் அதில் கிடைத்தன.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கிரிப்டோ காசு என்பது கணினி வலைப்பின்னலில், பொதுவான ஒரு பேரேட்டில் எழுதப்படும் இருப்பு. பிட்காயின், ஈதர் என்று பல உண்டு. அதை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடக்கும் தளங்களில் இரண்டு வகை. ஒன்று கம்பெனி வகை. உங்கள் காசைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறீர்கள். அது வேறு யாருக்கோ கடன் கொடுத்து உங்களுக்கு வட்டி தருகிறது. அமெரிக்காவின் செல்சியஸ், பிளாக்ஃபை, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு பெருமளவு இந்தியாவிலிருந்து இயங்கிய வால்ட் ஆகியவை இந்த வகை. மற்றது நிரல் வகை. மேக்கர், ஆவே, காம்பவுண்ட் போன்றவை. இங்கே கல்லாவில் ஆள் கிடையாது. பேரேட்டிலேயே எழுதிவைக்கப்பட்ட ஒரு நிரல் உங்கள் காசை ஈடாகப் பிடித்துக்கொண்டு, அதைவிடக் குறைந்த தொகையை, டாலர் மதிப்போடு கட்டிவைத்த இன்னொரு காசாகக் கொடுக்கும்.

ஒரு லட்சம் பெறுமானத்தை வைத்துவிட்டு ஐம்பதாயிரம் கடன் வாங்க எவனாவது வருவானா என்று பொருளாதாரம் படித்த தோழர் ஒருவர் கேட்டார். விழுப்புரத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நகையை விற்க மனசு வராது, அவசரத்துக்குத் துட்டு வேணும், வைக்கிறோம். விலை ஏறும் என்று நினைத்துக் காசை விற்காமல் ஈடு வைப்பவனின் மனசும் இதேதான். கிரிப்டோக்காரர்கள் புரட்சி என்று சொல்லிக்கொள்ளும் சங்கதி சேட்டுக்கடையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது. ஆகவே திரையை அளக்க நமக்குக் கைவசம் ஒரு அளவுகோல் இருக்கிறது: அடகுச் சீட்டு.

முதலில் வட்டி. திரையில் 'ஏ.பி.ஒய்.' என்று மூன்றெழுத்து, பக்கத்தில் ஒரு எண். வால்ட் தன் விளம்பரத்தில் டாலரோடு கட்டிய காசுகளுக்கு 12.68 விழுக்காடு தருவதாகச் சொன்னது. அந்த இரண்டு தசம எண்களில் ஏதோ விஞ்ஞானம் இருப்பதுபோலத் தோன்றும். குழு அக்காவிடம் காட்டினேன். "நூத்துக்கு எவ்ளோன்னு சொல்லு" என்றார். நம்ம ஊரில் வட்டி அப்படித்தான் பேசப்படுகிறது. 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. 'ஒரு ரூபா வட்டி' என்றால் வருஷத்துக்கு 12. அதையே மாதாமாதம் வட்டிக்கு வட்டி ஓட்டினால் வருஷக் கடைசியில் வருவது 12.68. விஞ்ஞானம் அவ்வளவுதான். 'மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்' என்று திரை சொல்லியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். கூடவே, பேங்கு இதில் பாதிதானே தருகிறது, இவன் எங்கிருந்து தருகிறான் என்ற அடுத்த கேள்வியும் வந்திருக்கும். அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் தசமப் புள்ளியின் வேலை.

நம்மவர்களின் கணக்கு எல்லா இடத்திலும் கூர்மை என்று கொண்டாடவும் வேண்டாம். தண்டலில் பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். இதைப் 'பதினைந்து விழுக்காடு' என்றுதான் வாங்குபவரும் சொல்வார். நிலுவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வருகிறது. பழக்கப்பட்ட மொழியும் மறைக்கும். எந்த மொழியில் சொன்னாலும், கைக்கு எவ்வளவு வரும், கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்ற இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத திரை தெளிவான திரை ஆகாது.

அடுத்த சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஈட்டின் விலை இறங்கி ஒரு கோட்டைத் தொட்டதும் நிரல் அதை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளும். இதற்கு ஆங்கிலத்தில் 'லிக்விடேஷன்'. அகராதி 'கலைப்பு' என்கிறது, 'தீர்வு' என்கிறது. ஒன்றும் ஒட்டவில்லை. சீட்டெழுதிய பெரியவர் ஒரு நொடி யோசிக்கவில்லை: "மூழ்கிப் போறது." நகை மூழ்கிப்போச்சு என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! நீரில் போனது, இனி எட்டாது. ஆங்கிலச் சொல்லும் ஏதோ ஒரு விதத்தில் நீர்மத்தைத் தொட்டுத்தான் நிற்கிறது. ஆனால் அது சொத்து பணமாக உருகுவதை, கொடுத்தவனின் பக்கமிருந்து பார்க்கிறது. தமிழ்ச்சொல் கரையில் நின்று பார்ப்பவளின் சொல். நான் 'மூழ்கும் விலை' என்று எழுதினேன்.

இது வெறும் மொழிபெயர்ப்புச் சாமர்த்தியம் இல்லை. ஆவே தளத்தில் இந்த ஆபத்தைக் காட்ட ஒரு எண் இருக்கிறது. அதற்குப் பெயர் 'ஆரோக்கியக் காரணி'. ஒரு லட்சம் பெறுமான காசை வைத்து ஐம்பதாயிரம் வாங்குகிறீர்கள். ஈட்டு மதிப்பில் 80 விழுக்காட்டைக் கடன் தொடும்போது விற்பனை என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். திரை 1.6 என்று காட்டும். ஒன்றைத் தொட்டால் முடிந்தது. 1.6 என்றால் என்ன? காய்ச்சலா, சுகமா? அதே கணக்கை இப்படியும் சொல்லலாம்: 'உங்கள் ஒரு லட்சம் 62,500க்கு இறங்கினால் மூழ்கும். வட்டி ஏற ஏற இந்த விலையும் ஏறும்.' இரண்டும் ஒரே உண்மைதான். முன்னது நோயாளியாக உங்களை அழைக்கிறது, பின்னது ஈடு வைத்தவராக அழைக்கிறது. சித்தாந்தம் மனிதர்களை விளித்துத்தான் தன்னிலைகளாக்குகிறது என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். அவர் சொன்னது தெருவில் "ஏய், நீதான்" என்று கூப்பிடும் போலீஸ்காரர். இங்கே கூப்பிடுவது ஒரு எண்.

மூழ்கிய பிறகு என்ன நடக்கும் என்பது இன்னும் முக்கியம். நம்மிடம் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டம் இருக்கிறது. சீட்டு கொடுத்தாக வேண்டும், மீட்கக் காலக்கெடு உண்டு, அது கழிந்தால் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். சட்டம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஏலம் என்றால் நாலு பேர் வர வேண்டும், விலை கேட்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. 2020 மார்ச் 12 அன்று ஈதர் காசின் விலை ஒரே நாளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மேக்கரில் ஈடு வைத்திருந்தவர்களின் காசு ஏலத்துக்கு வந்தது. வலைப்பின்னலில் நெரிசல், பரிவர்த்தனைக் கட்டணம் எகிறியது, ஏலம் கேட்க வேண்டிய தானியங்கி நிரல்கள் பல உள்ளேயே வர முடியவில்லை. வந்த ஒன்றிரண்டு பேர் பூஜ்யம் என்று விலை கேட்டார்கள். போட்டிக்கு ஆளில்லை, பூஜ்யத்துக்கே கொடுக்கப்பட்டது. சுமார் 83 லட்சம் டாலர் பெறுமான ஈதர் இப்படிச் சும்மா போனது. மூழ்கினால் 13 விழுக்காடு அபராதம் போக மிச்சம் கைக்கு வரும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு மிச்சமே இல்லை. தளம் அந்த ஈட்டுக்கு வைத்திருந்த பெயர் 'பெட்டகம்'.

விதிமீறல் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிரலில் எழுதப்பட்டிருந்தபடியே நடந்தது. குறைந்தபட்ச விலை வேண்டும் என்ற வரி நிரலில் இல்லை. இல்லாத வரியைத் திரையில் எவரும் பார்க்க முடியாது. திரையை அழகுபடுத்துவதால் மட்டும் தீராத பகுதி இது. திரைக்குப் பின்னால் ஒப்பந்தமே கோணலாக இருந்தால், தெளிவான திரை அந்தக் கோணலைத் தெளிவாகக் காட்ட வேண்டும். பெட்டகம் என்று பெயர் வைக்கக் கூடாது.

கம்பெனி வகையில் சிக்கல் வேறு. அங்கே திரை ரொம்ப அழகு. செல்சியஸ் 17 விழுக்காடு வரை தருவதாகச் சொன்னது. தருவதை வட்டி என்று சொல்லாமல் 'வெகுமதி' என்றது. வாராவாரம் வெகுமதி வந்து விழும். 2022 ஜூன் 12 அன்று பணம் எடுப்பதை நிறுத்தியது. ஜூலையில் திவால் மனு. போட்ட காசைத் திருப்பிக் கொடு, அது என் பொருள் என்று மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 4 அன்று நியூயார்க் திவால் நீதிபதி மார்ட்டின் கிளென் தீர்ப்புச் சொன்னார்: 'ஏர்ன்' கணக்கில் போட்ட காசின் உரிமை கம்பெனிக்குத்தான், ஏனென்றால் நிபந்தனைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நீங்கள் ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். ஏறத்தாழ ஆறு லட்சம் கணக்குகள், சுமார் 420 கோடி டாலர். நிறுவனர் அலெக்ஸ் மாஷின்ஸ்கிக்கு மோசடிக் குற்றத்தில் 2025 மே மாதம் 12 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆனால் காசின் உரிமை மாறியதற்கு மோசடி தேவைப்படவில்லை. ஒரு பொத்தானே போதுமாயிருந்தது.

பிளாக்ஃபை தன் பக்கத்தில், பெரிய நிறுவனங்களுக்குத் தான் கொடுக்கும் கடன்கள் பொதுவாகக் கடனைவிட அதிக ஈட்டின் பேரில் தரப்படுபவை என்று போட்டிருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கணக்கெடுத்தபோது 2020இல் அப்படி இருந்தவை சுமார் 16 விழுக்காடு. 2022 பிப்ரவரியில் 10 கோடி டாலர் அபராதத்துக்குச் சம்மதித்த அந்தக் கம்பெனி, நவம்பரில் திவால். வால்ட் 2022 ஜூலை 4 அன்று கதவைச் சாத்தியது; போட்டவர்களுக்குத் தர வேண்டியது ஏறத்தாழ 40 கோடி டாலர்.

'போட்டவர்கள்' என்று எழுதும்போதே நம் மொழியின் ஒரு குழி தெரிகிறது. பேங்குல பணம் போட்டிருக்கேன், சீட்டுல போட்டிருக்கேன், ஆருத்ராவுல போட்டிருக்கேன் — எல்லாவற்றுக்கும் ஒரே 'போடுதல்'. ஆருத்ராவில் ஒரு லட்சம் பேர் அளவில் 2,438 கோடி ரூபாய் போட்டார்கள். பாதுகாக்கக் கொடுப்பது, கடனாகக் கொடுப்பது, பங்காளியாகச் சேர்வது ஆகிய மூன்றும் அந்த ஒரு வினைச்சொல்லில் கலந்துகிடக்கின்றன. எல்லாக் கம்பெனிகளும் குடியிருப்பது இந்தக் குழப்பத்தில்தான். அடகுக்கடைக்கு இந்தக் குழப்பம் கிடையாது. நகை யாருடையது என்று கேட்டால் கடைக்காரரும் உங்களைத்தான் கைகாட்டுவார்.

2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொன்ன தீர்ப்பை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் பெறுமான காசுகள் திருடுபோயின. திருடுபோகாத வேறு வகைக் காசு வைத்திருந்த ஒருவரின் கணக்கும் முடக்கப்பட்டது. நட்டத்தை எல்லோருக்கும் பங்குபோடும் ஏற்பாடு வந்தது. கிரிப்டோ காசு ஒரு சொத்து, அதைப் பிறர் பொறுப்பாக வைத்திருக்க முடியும் என்று நீதிமன்றம் கூறி அவருக்குப் பாதுகாப்புத் தந்தது. அது சந்தை, கடன் தளம் அல்ல, நிபந்தனைகளும் வேறு. இரண்டு தீர்ப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த முடியாது. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றே: பொத்தானை அழுத்தியபின் அது யாருடைய காசு? எந்தக் கடன் தளத்தின் முதல் திரையிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய வரி இது. நான் மொழிபெயர்த்த தளத்துக்கு 'இந்தப் பொத்தானை அழுத்தினால் காசு இனி உங்களுடையது அல்ல. எங்கள் கடன்காரர்களில் நீங்களும் ஒருவர்' என்று எழுதிக் கொடுத்தேன். 'மூழ்கும் விலை' அவர்களுக்குப் பிடித்துப்போனது. இந்த வரி மட்டும் கேள்வி-பதில் பகுதியின் அடியில் போய் உட்கார்ந்தது. ஆட்கள் பயந்து திரும்பிவிடுவார்களாம்.

பயந்து திரும்புவது வடிவமைப்பின் தோல்வி என்று யார் சொன்னது? டொனால்ட் நார்மன் 1988இல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி எழுதியதிலிருந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கதவே சொல்ல வேண்டும் என்ற கொள்கை நிலைபெற்றிருக்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் சிலிக்கான் பள்ளத்தாக்கு அதை 'எளிமை' என்று சுருக்கிவிட்டது. தெளிவு வேறு, எளிது வேறு. கதவு வழுக்கிக்கொண்டு திறப்பது எளிது. கதவுக்கு அந்தப்பக்கம் கிணறு என்று எழுதிவைப்பது தெளிவு. சேட்டுக்கடையில் நகையை உரசுவார், எடை போடுவார், சீட்டெழுதுவார், கையெழுத்து வாங்குவார். அந்த அரைமணி நேரத்தில் எத்தனையோ பேர் "வேணாம் விடுங்க" என்று எழுந்து வந்திருக்கிறார்கள். கைபேசி அந்த அரைமணியைத் தின்றுவிட்டது.

இதை அரசும் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கையில், அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்றது. ஏழு நாளுக்கும் அதற்கு மேலும் ஓடும் கடன் என்றால் யோசிக்கக் குறைந்தது மூன்று வேலைநாள். 2023 நவம்பர் 30 அன்று ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடைசெய்யும் நெறிமுறைகளும் வந்தன. ரிசர்வ் வங்கியின் விதி அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் நிறுவனங்களுக்குத்தான்; கிரிப்டோ கடன் தளம் அந்த வேலிக்குள் இல்லை. இவர்களிடம் அரசு 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 விழுக்காடு வரி கேட்கிறது. அறிக்கை கேட்கவில்லை.

'நான் ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைப் பாருங்கள். திரை முழுக்க 'நீங்கள், உங்கள்' என்று பேசுகிற கம்பெனி, இந்த ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று 'நான்' ஆகிறது. உங்கள் வாயில் தன் சொல்லை வைக்கிறது. இதற்கு ஒரு காலனியப் பாட்டன் உண்டு. 1858இல் வங்கத்தின் ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைக்குச் சரளை போட ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையில் மை பூசிப் பத்திரத்தின் பின்பக்கம் பதித்தார். ஆள் யார் என்று கண்டுபிடிப்பதற்காக அல்ல. நாளைக்கு இது என் கையெழுத்து இல்லை என்று சொல்லத் துணியாதபடி மிரட்டி வைக்க. உலகம் முழுக்கப் போன கைரேகையின் தொடக்கங்களில் ஒன்று இப்படி ஒரு ஒப்பந்தப் பத்திரத்தில் கிடக்கிறது. இன்று கைபேசியில் கட்டைவிரலை வைத்துக் கடனை உறுதிசெய்கிறோம். கைநாட்டு ஒழிந்தது என்று அறிவொளிக் காலத்தில் மேடைபோட்டுப் பேசினோமே!

கைநாட்டைவிடக் கொடியது கணக்கு யார் கையில் என்பது. திண்டிவனம் பக்கத்து இருளர் குடும்பங்களைச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டிலும் கட்டிப்போட்டது 'முன்பணம்' என்ற ஒற்றைச் சொல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வாங்கியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது முதலாளியின் நோட்டில்தான் இருக்கும். அதை அவர் காட்ட மாட்டார். காட்டினாலும் படிக்கத் தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி வகைத் தளத்தில் திரை படிக்கத் தெளிவு, நோட்டு மூடியிருக்கிறது. நிரல் வகையில் நோட்டு உலகத்துக்கே திறந்துகிடக்கிறது, ஆனால் படிக்க ஆளில்லை. சூளையில் இரண்டும் இல்லை.

நிரல் வகையின் அந்தத் திறந்த நோட்டு மீது எனக்கு ஒரு ஆசை உண்டு. தோழர்கள் இதை முதலாளித்துவ மயக்கம் என்று திட்டினாலும் சரி. அங்கே ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும், ஈடு வைத்த ஒவ்வொரு காசும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுத எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவையில்லை. யாருடைய காசு, எந்த விலையில் மூழ்கும், மூழ்கினால் ஏலத்தில் குறைந்தபட்ச விலை உண்டா, விதியை மாற்றும் சாவி யாரிடம், இன்றைக்குப் போய்க் கேட்டால் எவ்வளவு கைக்கு வரும் — ஒரு சீட்டு அகலத்தில் அடங்கிவிடும். நிரல் தெரிந்த பையன்கள் விழுப்புரம் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். சீட்டெழுதிய பெரியவரோடு அவர்களைக் கொஞ்ச நாள் உட்காரவைக்க வேண்டும். பெரியவர் சம்மதித்துவிட்டார். மத்தியானத்தில் வேண்டாம் என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.